நழுவாத குழாய்

1752 டிசம்பர். ஃபிலடெல்ஃபியா நகரத்து வெள்ளிப் பட்டறை ஒன்றில் தட்டார் ஒருவர் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தார். வேலை கொடுத்தவர் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முடிந்த கையோடு வாங்கி அன்றைய தபாலிலேயே அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. ஆள் சாமானியர் அல்ல. அதே ஆண்டு கோடையில் இடிமழைக்கு நடுவே பட்டம் விட்டு மின்னலைச் சோதித்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அவர் செய்யச் சொன்ன பொருள் நகைக் கடையில் கிடைக்காது, பாத்திரக் கடையிலும் கிடைக்காது.

பாஸ்டனில் அவருடைய அண்ணன் ஜான் கல்லடைப்பால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். நீர் பிரியாமல் துடிக்கும் நோயாளிக்கு அந்தக் கால வைத்தியர்கள் செய்தது ஒன்றுதான்: விறைத்த உலோகக் குழாய் ஒன்றை மூத்திரத் துவாரம் வழியாகச் செலுத்தி நீரை இறக்குவார்கள். பொம்பெய் இடிபாடுகளில் ரோமானியர்கள் விட்டுப்போன குழாய்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றுக்கும் இவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஃபிராங்க்ளின் யோசித்தது, உடம்பின் வளைவுக்கு வளைந்துகொடுக்கும் வெள்ளிக் குழாய். டிசம்பர் 8ஆம் தேதியிட்ட கடிதத்தில் உபயோகிக்கும் விதத்தையும் எழுதி, குழாயோடு சேர்த்து அனுப்பிவைத்தார். ஜான் அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் இருந்தார். ஆனால் வெள்ளி எவ்வளவு வளைந்தாலும் வெள்ளிதான். சதைக்குள் நோகாமல் கிடக்கத் தகுந்த பொருள் அப்போது உலகத்தில் இல்லை. அது வந்து சேர்ந்தது ஒரு கைத்தவறுதலால்.

சார்ல்ஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் கடனுக்காகச் சிறைக்குப் போய்வந்தவர். ரப்பர் பித்து பிடித்த மனிதர். வெயில் வந்தால் பிசுபிசுத்து, குளிர் வந்தால் விறைத்து உடையும் அந்தப் பொருளோடு வருடக்கணக்கில் மல்லாடினார். 1839இல் கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று சூடான அடுப்பின்மேல் பட்டுவிட்டது. உருகி ஓட வேண்டியது, தோலைப் போலக் கருகி, நெகிழ்வு மாறாமல் நின்றது. 1844இல் காப்புரிமை வாங்கினார். 1860இல் கடன்காரராகவே செத்தார். அவர் கண்டுபிடித்த பதமான ரப்பர் மட்டும் கடலைத் தாண்டிப் பாரிஸ் நகரத்துக்குப் போய், அகஸ்ட் நெலட்டோன் என்ற அறுவை மருத்துவரின் கையில் அகப்பட்டது.

நெலட்டோன் அப்போது ஐரோப்பா முழுக்கத் தெரிந்த பெயர். இத்தாலிய வீரர் கரிபால்டியின் கணுக்காலில் 1862இல் பாய்ந்த குண்டு உள்ளே இருக்கிறதா இல்லையா என்று பெரிய பெரிய மருத்துவர்கள் அடித்துக்கொண்டபோது, நுனியில் பீங்கான் பதித்த ஊசியை உள்ளே விட்டுப் பார்க்க வழி சொன்னவர். வெள்ளைப் பீங்கானில் ஈயக் கறை ஒட்டிக்கொண்டு வந்தது. குண்டு இருப்பது தெரிந்தது. அதே நெலட்டோன்தான் கந்தகம் சேர்த்த ரப்பரில் மிருதுவான மூத்திரக் குழாயைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ரத்தம் வராமல், நோயாளி அலறாமல், குழாய் சுலபமாக உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் அதே சுலபத்தோடு வெளியேயும் வந்து விழுந்தது.

அடுத்த 70 ஆண்டு மருத்துவர்களைப் படுத்திய பிரச்சினை இதுதான். ஒரு முறை நீரை இறக்கிவிட்டு எடுத்துவிடுவதென்றால் கவலை இல்லை. அறுவைக்குப் பின் நாலைந்து நாள் குழாய் உள்ளேயே இருக்க வேண்டுமென்றால்? நூலால் கட்டினார்கள். பிளாஸ்திரி ஒட்டினார்கள். நுனியில் சிறகு வைத்த குழாய் வந்தது, காளான் தலை வைத்த குழாய் வந்தது. வேடிக்கை என்னவென்றால், விடை எப்போதோ சொல்லப்பட்டிருந்தது. குழாயின் நுனியில் ஒரு சிறு பலூன் வைத்து, உள்ளே போனபின் ஊதிவிட்டால் நழுவாது என்று லியோன் நகரத்து மருத்துவர் ரேபார் 1853லேயே செய்து காட்டிவிட்டார். யோசனைக்குத் தக்க பொருள் அன்று கையில் இல்லாததால் அது தூங்கப் போனது. அதை எழுப்பியவருக்கு, குழாய் நழுவுவதைப் பற்றிய கவலையே இல்லை.

ஃப்ரெடெரிக் ஃபோலே 1891இல் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவம் படித்தார். மூளை அறுவையின் பிதாமகர் ஹார்வி குஷிங்கிடம் வேலை பார்த்து, மூளைக்குள் அழுத்தம் எப்படிக் கூடிக் குறைகிறது என்று அவரோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். அந்தப் பாதையிலேயே போயிருந்தால் மூளை மருத்துவ வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாக இருந்திருப்பார். எதனாலோ தலையை விட்டு இடுப்புக்குக் கீழே இறங்கி வந்து, செயின்ட் பால் நகரத்தில் சிறுநீரக அறுவை மருத்துவராகத் தொழில் தொடங்கினார். அங்கே தினம் தினம் எதிர்ப்பட்ட எதிரி, ரத்தம்.

வயதான ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி வீங்கி நீரை அடைத்துக்கொள்ளும். அறுவை செய்து எடுத்துவிடலாம். எடுத்த இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். கை எட்டாத குழியில் தையலும் போட முடியாது. ஃபோலே ஒரு வழி கண்டார். குழாயின் நுனியில் பலூனைக் கட்டி உள்ளே செலுத்தி, நீரை ஏற்றி உப்பச் செய்து, பின்னால் லேசாக இழுத்தால் பலூன் காயத்தின்மேல் போய் அழுந்திக்கொள்ளும். ரத்தம் நிற்கும், நடுவிலுள்ள துவாரம் வழியாகச் சிறுநீரும் இறங்கும். 1929இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். குழாய் நழுவாமல் நின்றது கூடுதல் லாபம். ஆக, பின்னால் கோடிக்கணக்கில் விற்கப்போகும் பொருள் ரத்தம் நிறுத்தும் அடைப்பானாகத்தான் பிறந்தது. பிறந்தபோது அதற்கு ஒரு குறையும் இருந்தது: பலூனைக் குழாயோடு பட்டு நூலால் கட்டி, பசை பூசி ஒட்ட வேண்டியிருந்தது.

நூலும் பசையும் இல்லாமல் பலூனும் குழாயும் ஒரே உடம்பாக வேண்டும். கட்டி ரப்பரில் அது நடக்காது; மரத்திலிருந்து இறங்கிய பால் கெட்டியாகாமல் திரவமாகவே தொழிற்சாலைக்கு வர வேண்டும். ரப்பர்ப் பாலில் அம்மோனியா கலந்து, உறையாமல் கப்பலேற்றும் நுட்பம் அந்த ஆண்டுகளில்தான் கைகூடியிருந்தது. உலகத்தின் ரப்பரில் பெரும்பங்கு அப்போது மலாயா, சுமத்ரா, இலங்கைத் தோட்டங்களிலிருந்து போனது. மலாயாவில் விடியற்காலை இருட்டில் பால் வெட்டப் போனவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். அவர்கள் வாளியில் சுமந்த பால் கார் டயராகப் போனது தெரிந்த கதை. மருத்துவமனைப் பொருளாகவும் போனது அவ்வளவாகச் சொல்லப்படாத கதை. மெழுகுவத்தி தோய்ப்பதுபோல அச்சைப் பாலில் தோய்த்துத் தோய்த்து எடுத்ததில் ஒட்டு இல்லாத, தையல் இல்லாத ஒரே துண்டுக் குழாய் பிறந்தது. 1936 அக்டோபரில் ஃபோலே காப்புரிமைக்கு மனுப் போட்டார். அங்கே இன்னொருவர் ஏற்கெனவே வரிசையில் நின்றிருந்தார்.

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் ப்ராவிடென்ஸ் நகரத்தில் டேவால் ரப்பர் கம்பெனி என்று ஒன்று இருந்தது. அதன் பால் ரெய்ச் என்பவர் இதேபோன்ற குழாய்க்குச் சில மாதங்கள் முந்திக்கொண்டுவிட்டார். ஃபோலே விடவில்லை, மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போய் ஜெயித்தார். ரெய்ச்சும் விடவில்லை, நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே தீர்ப்பு புரண்டது. காப்புரிமை ரெய்ச்சுக்கே திரும்பிப் போனது. தன் குழாயின் பேரில் ஃபோலேவுக்கு எந்த உரிமையும் மிஞ்சவில்லை. சட்டத்தின் கணக்கில் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு வியாபார நிறுவனம். காசநோயாளிகளின் மூத்திர எரிச்சலுக்கு ஃபிரான்ஸிலிருந்து ஒரு மருந்தை இறக்குமதி செய்து விற்பதற்காக 1907இல் நியூயார்க்கில் கடை தொடங்கியவர் சார்ல்ஸ் ரஸ்ஸல் பார்ட். அவர் பெயரிலான நிறுவனம் டேவாலின் பலூன் குழாயை விற்கும் உரிமையைப் பெற்றபோது, அதற்குச் சூட்டிய பெயர் காப்புரிமைக்காரருடையது அல்ல, தோற்றவருடையது. சிறுநீரக மருத்துவர்களுக்குத் தெரிந்த பெயர் அதுதான் என்பது வியாபாரக் கணக்கு. இன்று சென்னை, மதுரை, கொழும்பு, எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் கட்டில் ஓரம் தொங்கும் மஞ்சள் நீர்ப்பையிலிருந்து போர்வைக்கு அடியில் போகிறதே ஒரு குழாய், உறவுக்காரர்கள் 'யூரின் டியூப்' என்றும் நர்ஸ்கள் 'ஃபோலேஸ்' என்றும் சொல்வது, அது இதுதான். 1980இல் பார்ட் நிறுவனம் டேவால் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டது என்பது தனி ருசி. ஆனால் கட்டிலோரப் பை இந்தக் கதைக்குள் இன்னும் வரவே இல்லை. அது வராததால் ஆன சேதம்தான் அடுத்த அத்தியாயம்.

ஃபோலேவின் காலத்தில் குழாயின் மறுமுனை கட்டிலுக்கடியில் ஒரு திறந்த கண்ணாடிப் புட்டிக்குள் கிடந்தது. புட்டி நிறைந்தால் ஊழியர் எடுத்துக் கொட்டிவிட்டு வைப்பார். புட்டியில் கிருமிகள் செழித்தன. குழாயின் உள்சுவரைப் பிடித்து மேலே ஏறின. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் நோயியல் நிபுணர் கத்பர்ட் டியூக்ஸ் 1928லேயே இதைக் கண்டு, காற்றுப் புகாமல் மூடிய வடிகால் வேண்டும் என்று சொல்லிவிட்டார். குடல் புற்றுநோயின் கட்டங்களை வகுத்தவர் என்று மருத்துவ மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்யும் பெயர். அந்த டியூக்ஸின் இந்த எச்சரிக்கையை மட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குள் பெனிசிலினும் வந்துவிட்டது. கிருமி வந்தால் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்ற தைரியமும் கூடவே வந்தது.

1950களில் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் எண்ணிப் பார்த்தார். திறந்த புட்டியோடு குழாய் போட்ட நோயாளிகளில் கிட்டத்தட்ட எல்லோருடைய மூத்திரத்திலும் நான்கே நாளில் கிருமி. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தின் பால் பீசன் ஒரு தலையங்கம் எழுதினார். தலைப்பே குழாய்க்கு எதிரான வழக்கு என்றுதான். அவசியம் இருக்கிறதா என்று யோசிக்காமல் வழக்கம் என்பதற்காகக் குழாய் போடுவதை அவர் குற்றக் கூண்டில் ஏற்றினார். கூண்டில் ஏற்றியது குழாயை. கைதட்டியது மருத்துவ உலகம். குழாய்ப் பயன்பாடு என்னவோ ஏறிக்கொண்டே போனது.

பிறகுதான் பை வந்தது. மெலிந்த பிளாஸ்டிக், மூடிய இணைப்பு, கீழே ஒரு திருகு. பிரிஸ்டலில் கில்லெஸ்பியும், வர்ஜீனியாவில் கால்வின் குனினும் அவரவர் வழியில் சோதித்தார்கள். குனின் 1966இல் வெளியிட்ட முடிவு பரபரப்பானது. நான்கு நாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரைப் பிடித்த கிருமி, மூடிய பையோடு இரண்டு வாரமானாலும் பாதிப் பேரைத்தான் பிடித்தது. டியூக்ஸ் சொல்லி 38 ஆண்டு கழித்து உலகம் கேட்டது. மருத்துவமனைகள் நிம்மதியடைந்தன. அறுவை முடிந்து ஒரு வாரத்தில் குழாயை எடுத்துவிடும் இடத்துக்கு இரண்டு வார அவகாசம் தாராளம். இரண்டு வாரத்தில் எடுக்காத இடம் ஒன்று அப்போது அமெரிக்கா முழுக்க முளைத்துக்கொண்டிருந்தது.

1965 ஜூலை 30. ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் மெடிகேர், மெடிகெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். முதியவர்களைப் பராமரிக்கும் இல்லங்களுக்கு அரசுப் பணம் பாயத் தொடங்கியது. இல்லங்கள் பெருகின. படுக்கையில் கிடப்பவர்கள், நினைவு தப்பியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள். அவர்களில் பலருக்குச் சிறுநீரை அடக்க முடியாது. ராத்திரி ஷிஃப்டில் ஊழியர்கள் சிலர்தான். நனைந்த துணியை மாற்றி, உடம்பைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து முடிப்பதற்குள் அடுத்த கட்டில் நனைந்துவிடும். இந்த இடத்தில் ஃபோலேவின் நழுவாத பலூன் வரப்பிரசாதமாகத் தெரிந்தது. ஒரு முறை போட்டால் போதும். படுக்கை நனையாது, புண் வராது, ஆளும் தேவையில்லை. ரத்தம் நிறுத்த நாலு நாள் இருக்கப் பிறந்த குழாய், அங்கே மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உள்ளேயே தங்கியது. 1980களில் அமெரிக்க முதியோர் இல்லங்களில் எந்த நேரத்தில் எண்ணினாலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தக் குழாயோடு இருந்தார்கள். அவர்களுடைய மூத்திரப்பைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒருவர் கிளம்பினார்.

மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் வாரன் செய்த வேலையில் பகட்டு எதுவும் இல்லை. நெடுநாள் குழாயோடு வாழ்ந்த 20 பேரின் சிறுநீரை வாரா வாரம் எடுத்துச் சோதித்தார். 605 மாதிரிகள். 1982இல் வெளிவந்த விடை இது: 98 சதவீத மாதிரிகளில் ஏராளமான கிருமி; நான்கில் மூன்றுக்கு மேல் ஒரே சமயத்தில் பல வகைக் கிருமிகள். ஒரு கிருமி போனால் வாரம் இரண்டில் புதிய கிருமி குடியேறியது. பாதிப் பேரையாவது காப்பாற்றிய மூடிய பை, மாதக்கணக்கில் ஓடும்போது ஒருவரையும் காப்பாற்றவில்லை. இந்தக் குடித்தனக்காரர்களில் ஒரு கிருமி, மற்ற நோயாளிகளிடம் அபூர்வம். நெடுநாள் குழாய் போட்டவர்களிடம் மட்டும் நிரந்தர வாசி. அதன் பெயரில்தான் இந்தக் கதையின் விசித்திரமான தற்செயல் ஒளிந்திருந்தது.

ப்ராவிடென்சியா ஸ்டுவார்டி. ஃபோலேவைத் தோற்கடித்த டேவால் கம்பெனியின் ஊர் ப்ராவிடென்ஸ். அதே ஊரில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1940களில் சி. ஏ. ஸ்டுவார்ட் என்ற நுண்ணுயிரியலாளர் இந்தக் கிருமிக் கூட்டத்தை ஆராய்ந்தார். பின்னால் வந்தவர்கள் ஊரின் பெயரையும் அவர் பெயரையும் சேர்த்துக் கிருமிக்கு வைத்துவிட்டார்கள். குழாய்க்குக் காப்புரிமை வாங்கிய ஊரும், அந்தக் குழாயையே வீடாக்கிக்கொண்ட கிருமிக்குப் பெயர் தந்த ஊரும் ஒன்று. இப்படி எழுதினால் எந்த நாவலாசிரியரையும் வாசகர்கள் நம்ப மாட்டார்கள். ஸ்டுவார்டின் கிருமி மூத்திரப்பையோடு நின்றிருந்தால், இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

அது நிற்கவில்லை. நழுவாமல் இருக்க வைத்த பலூனே வழி திறந்துவிட்டது. நீர் இறங்கும் துளை பலூனுக்கு மேலே இருக்கிறது. பலூனோ மூத்திரப்பையின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் துளையின் மட்டத்துக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் நீர் வடியாமல் தேங்கிநிற்கும். கிருமிக்கு அதுதான் குளம். ரப்பர்ச் சுவரில் கிருமிகள் வழவழப்பான படலமாகப் படர்ந்துகொள்ளும். பில் காஸ்டர்டன் என்ற கனடிய ஆய்வாளர் இந்தப் படலங்களைப் பற்றி உலகத்துக்கு எடுத்துச் சொன்ன பிறகுதான், மருந்து கொடுத்தும் கிருமி ஏன் சாகவில்லை என்பது புரிந்தது. மருந்து மூத்திரத்தில் மிதப்பதைக் கொன்றது. படலத்துக்குள் இருந்தது சௌகரியமாக இருந்தது. புரோட்டியஸ் என்ற இன்னொரு கிருமி யூரியாவை உடைத்து நீரைக் காரமாக்கும். உப்புகள் பளிங்காக உறைந்து குழாயை உள்ளிருந்தே அடைக்கும். அடைத்துக்கொண்ட நீர் போக வழியின்றிச் சிறுநீரகத்தை நோக்கித் திரும்பும். சிறுநீரகத்திலிருந்து ரத்தத்துக்கு அதிக தூரம் இல்லை.

ரத்தத்தில் கிருமி கலந்தால் இளவயதுக்காரருக்குக் குளிர் உதறும், ஜுரம் கொதிக்கும். எண்பது வயதுப் பாட்டிக்கு ஜுரமே வராமல் போகலாம். நேற்றுவரை பேசியவர் இன்று குழம்பிப் பேசுவார், சோற்றை ஒதுக்குவார், எழுந்து உட்கார மாட்டார். 'வயசாகிவிட்டது' என்று விட்டுவிடுவது சுலபம். அப்படி விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர். பிட்ஸ்பர்க் நகரத்தில் முன்னாள் படைவீரர்களின் நீண்டகாலப் பராமரிப்பு நிலையத்தில் மூடர் (Muder) என்ற மருத்துவரும் அவர் சகாக்களும் ஐந்தாண்டுக் காலம் விடாமல் கணக்கெடுத்து 1992இல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் கிருமி கலந்த 163 நிகழ்வுகள். நுரையீரலிலிருந்தும் படுக்கைப் புண்ணிலிருந்தும் வந்தவை உண்டு. பாதிக்கும் மேற்பட்டவை ஒரே வாசல் வழியாக வந்திருந்தன: மூத்திரப்பாதை. குற்றவாளி பிடிபட்டாயிற்று. ஆனால் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணுக்கே அது தெரியாமல் போயிருந்தது.

மிச்சிகனைச் சேர்ந்த சஞ்சய் செயின்ட் என்ற மருத்துவர் ஒரு குறும்பான கேள்வி கேட்டார். நான்கு மருத்துவமனைகளின் வார்டு மருத்துவர்களிடம், உங்கள் நோயாளிகளில் யார் யாருக்குக் குழாய் போட்டிருக்கிறது என்று விசாரித்தார். பிறகு நேரில் போய்ப் பார்த்தார். 2000இல் வெளியான முடிவின்படி, குழாய் இருப்பதே தெரியாத மருத்துவர்களின் பங்கு 28 சதவீதம். மாணவர்களைவிடப் பெரிய டாக்டர்கள் மோசம். அவர்களில் 38 சதவீதம் பேருக்குத் தெரியவில்லை. எல்லா நேரமும் மருத்துவர்கள் நடமாடும் பெரிய ஆஸ்பத்திரியின் லட்சணமே இது. டாக்டர் எப்போதாவது எட்டிப்பார்க்கும் முதியோர் இல்லத்தில் எடுக்கச் சொல்ல யார் இருந்தார்கள்? நழுவி விழும் பழைய ரப்பர்க் குழாய் ஒரு விதத்தில் தேவலை. தானாகவே விழுந்து தன்னை ஞாபகப்படுத்திக்கொண்டது.

தொழில் உலகம் வழக்கம்போலப் புதிய பொருளில் பதில் தேடியது. சிலிக்கோன் வந்தது. 1990களில் வெள்ளிப் பூச்சுப் பூசிய குழாய்கள் வந்தன. வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது வாதம், விலையும் அதற்கேற்ப. பிரிட்டனில் 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த சோதனை 2012இல் லான்செட் இதழில் வந்தபோது, குறுகிய காலம் குழாய் போட்டவர்களுக்கு வெள்ளிப் பூச்சால் சொல்லும்படியான பலன் இல்லை என்று தெரிந்தது. பலன் தந்தது ஆய்வகத்தில் இல்லாமல் வாஷிங்டனில் பிறந்திருந்தது.

முதியோர் இல்லங்களின் கேவலமான நிலையை 1986இல் ஓர் அறிக்கை அம்பலப்படுத்தியது. மறு ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்ட சட்டம், பட்ஜெட் மசோதாவின் மடிப்புக்குள் வைத்து அனுப்பப்பட்ட சீர்திருத்தம். அதன் வழியே வந்த விதிகளில் ஒன்று சாதுவாக இருந்தது: குழாய் இல்லாமல் உள்ளே வந்தவருக்கு, உடல்நிலை காரணமாகத் தவிர்க்க முடியாது என்று காட்டினாலொழியக் குழாய் போடக் கூடாது. படுக்கை நனைகிறது என்பது இனிக் காரணம் ஆகாது. பெரியவர்களுக்கான டயப்பர் கடைக்கு வந்திருந்ததும் அதே காலத்தில்தான். சட்டமும் டயப்பரும் சேர்ந்து செய்ததை வெள்ளிப் பூச்சு செய்யவில்லை. 2008 அக்டோபர் முதல், மருத்துவமனையில் குழாயால் வந்த தொற்றுக்கு ஆகும் கூடுதல் செலவைத் தர முடியாது என்று மெடிகேரும் கைவிரித்தது. தொற்று வந்தால் நஷ்டம் என்றதும் நிர்வாகங்களுக்கு ஞாபகசக்தி திடீரென்று கூடியது.

முதியோர் இல்லங்களுக்கான பெரிய சோதனை அதன் பிறகு நடந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் லோனா மோடியும் சகாக்களும் 38 மாநிலங்களில் 404 இல்லங்களின் கணக்கை எடுத்து 2017இல் வெளியிட்டார்கள். புதிய மருந்தோ புதிய குழாயோ இல்லை. கை கழுவு, சுத்தமாகப் போடு, பையை மூத்திரப்பைக்குக் கீழேயே வை, அறிகுறி இல்லாமல் மூத்திரத்தைச் சோதனைக்கு அனுப்பாதே, இது இன்னும் தேவையா என்று கேள். குழாயால் வரும் தொற்று 54 சதவீதம் குறைந்தது. ஒரு கணக்கு மட்டும் அசையவில்லை: குழாயோடு இருந்தவர்கள் தொடக்கத்திலும் முடிவிலும் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேர். தண்டுவடம் அடிபட்டவர்கள், நீரடைப்புத் தீராதவர்கள், ஆறாத புண்ணை நனையாமல் காக்க வேண்டியவர்கள். அவர்களுக்கு ஃபோலேவின் பலூனைவிட நல்லதாக ஒன்றை இன்னும் யாரும் செய்து தரவில்லை. 2024 ஏப்ரல் 1 முதல் அமெரிக்க முதியோர் இல்லங்களில் குழாய் போட்ட ஒருவரைக் குளிப்பாட்டவோ, உடை மாற்றவோ, பையைத் தொடவோ போகும் ஊழியர், கையுறையோடு மேலங்கியும் அணிய வேண்டும் என்பது விதி.